நாக்கு நுனியில் வைத்த கல்

படித்த முட்டாள் என்று என்னைத்தான் சொல்லவேண்டும். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருசம் இருக்கும். மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தின் கனிமக் காட்சியகத்தில் எனக்குப் பகுதிநேர வேலை. பழைய கற்களோடு ஒட்டியிருந்த கையெழுத்துச் சீட்டுகளைப் பார்த்துக் கணினியில் பதியவேண்டும். அப்போது நான் நாலு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் இரண்டு கலைந்திருந்தன. அதனால் இந்த முறை கணவரைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

அங்கே கிடந்த ஒரு பழைய கனிமவியல் நூலை இடையிடையே படிப்பேன். ரசாயனச் சோதனைகள் சரிவர இல்லாத காலத்தில் சுரங்கத்தொழில் பள்ளி ஆசிரியர்கள் கல்லை எப்படி இனங்கண்டார்கள் என்று அதில் இருந்தது. நிறத்தைப் பார்ப்பார்கள், நகத்தால் கீறுவார்கள், முகர்வார்கள், கடைசியில் நாக்கில் வைப்பார்கள். கண்ணும் மூக்கும் நாக்கும்தான் அவர்களுடைய ஆய்வுகூடம். அடேயப்பா, என்ன மனிதர்கள் என்று வியந்துபோனேன்.

ஒருநாள் காலை கற்கள் அடுக்கியிருந்த மேசை லாச்சியை இழுத்தபோது, பசை காய்ந்த இரண்டு சீட்டுகள் கழன்று விழுந்தன. இரண்டும் வெள்ளைக் கற்களுடையவை. ஒரு சீட்டில் உப்பு என்று பிரெஞ்சில் இருந்தது. மற்றது கிறுக்கல். மேற்பார்வையாளர் அம்மையாரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் முன்பு ஒருமுறை நான் சீட்டை மாற்றி வைத்ததற்கு முகத்தைச் சுளித்தவர் அவர். எனக்கு ரோசம். உப்பைக் கண்டுபிடிக்க நாக்குப் போதாதா என்று ஒரு கல்லை எடுத்து நக்கினேன்.

உப்புக் கரிக்கவில்லை. லேசாக இனித்தது.

மற்றச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். ஆர்செனிக். கடவுளே, பாஷாணம்! குழாயடிக்கு ஓடினேன். கொப்பளித்தேன், துப்பினேன், நாக்கைச் சட்டைக் கையால் தேய்த்தேன். அந்த ஆசிரியர்கள்மேல் ஆத்திரம் பொங்கியது. அவர்களில் ஒருத்தராவது வயிற்றில் பிள்ளையோடு கல்லை நக்கியிருப்பாரா?

சத்தம் கேட்டு வந்த அம்மையார் விசயத்தை அறிந்ததும் நஞ்சு உதவி எண்ணுக்குப் பேசினார். அங்கே கேட்ட கேள்வியை என்னிடம் திருப்பினார்: “நீங்கள் கர்ப்பமா?” தலையாட்டினேன். அவர் முகம் வெளிறியதைப் பார்த்ததும் என் மிச்ச உயிரும் போய்விட்டது.

அம்மையாரே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் வேலையில் இருந்த கணவர் மெத்ரோ ரயில் பிடித்து அங்கே ஓடி வந்தார்.

“என்னப்பா, என்னத்தைச் சாப்பிட்டனீர்?”

“சாப்பிடேல்லை. கல்லை நக்கினனான்.”

“கல்லையோ? உமக்கென்ன விசரே?” என்றவர், பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். நாக்கில் பட்ட அளவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்றார் டொக்டர். முந்திய இரண்டு தடவையும் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள்.

பிறகு அவர் வயிற்றில் பசை தடவி, துடிப்புக் கேட்கும் கருவியை வைத்தார். வெறும் இரைச்சல். இடப்பக்கம் நகர்த்தினார். இன்னும் கீழே இறக்கினார். நான் மூச்சு விடவில்லை. திடீரென்று, தையல் மெசின் ஓடுவதுபோல, டக்டக்கென்று கேட்டது.

“கேக்குதே? உமக்குக் கேக்குதே?” என்று இவர் என் கையை நெரித்தார்.

டொக்டர் கருவியை எடுத்துத் துடைக்கப் போனார்.

“இன்னொருக்கா வையுங்கோ” என்றேன். பிரெஞ்சும் வரவில்லை, இங்கிலீசும் வரவில்லை, தமிழில்தான் சொன்னேன். அந்தப் பெண் டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மறுபடியும் வைத்தார்.