இருமலை எடுத்துவிட்ட குரல்

என் வேலை என்னவென்று சொன்னால் எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். "சும்மா உக்காந்து கேக்குறதுக்குச் சம்பளமா?" என்பார்கள். உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே வாக்கியத்தைக் காலையிலிருந்து மாலைவரை கேட்க வேண்டும். கணினிக்குள் போய் வந்த குரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மதிப்பெண் போட வேண்டும். ஐந்து என்றால் துளியும் கெடவில்லை. ஒன்று என்றால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

இதையெல்லாம் அளக்க மென்பொருள் இருக்கிறது. ஆனால் அதற்கு மனிதக் காது கிடையாது. மிக்சி ஓடும்போது குழாய் சொட்டுவது நமக்குக் கேட்பதில்லை அல்லவா? அதேபோல் பலத்த ஒலிக்கு அடியில் ஒளிந்திருக்கும் பிழையையும் காது விட்டுவிடும். காது விட்டுவிடுவதைக் கணக்கில் சேர்க்காதே, காதை உறுத்துவதை மட்டும் எண்ணு என்று மென்பொருளுக்குப் பழக்க வேண்டும். அதற்குத்தான் எங்களைப் போன்றவர்களின் மதிப்பெண். காதுக்குத் தெரியாத சேதம் சேதமே இல்லை என்பது எங்கள் தொழிலின் சட்டம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

திண்டுக்கல்லில் மாடி வீடு. மின்விசிறி சத்தம் போடும் என்பதால் அதை அணைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். வேர்வை காதுக்குள் இறங்கும். கீழே வெங்காய டெம்போ மைக்கோடு வந்து நின்றுவிட்டால் அதுவரை செய்ததெல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. வேலை முடிந்தபின் ஒருவர் பேசினால்கூட எரிச்சலாக வரும். சாப்பிடக்கூடச் சைகையில்தான் கூப்பிட வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

கொஞ்ச நாளாகப் புது விதமான வேலை வர ஆரம்பித்திருந்தது. பேசுகிறவரைச் சுற்றியுள்ள இரைச்சலை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் அனுப்புகிற வசதி. முன்பு அசலையும் கொடுப்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதில் சுத்தம் செய்த குரல் மட்டும்தான் வரும். எதை எடுத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. குரல் உடையவில்லை, பின்னால் தொந்தரவு இல்லை என்றால் ஐந்து போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அம்மா நிலக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஊரில் தனியாக இருக்கிறாள். அரை ஏக்கர் மல்லிகை. விடியுமுன் பூவெடுத்து வேனில் ஏற்றிவிட்டு எனக்குப் போன் செய்வாள். அவளுடைய பழைய போனில் கோழி, மோட்டார், பஸ் ஹாரன் எல்லாம் வரும், அவள் குரல்தான் வராது. கத்திக் கத்தி அலுத்துப்போய் ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாளே குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல வந்தது. தொழில் புத்தி, மனதுக்குள் ஐந்து போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் பேச்சில் அடிக்கடி சின்னச் சின்ன இடைவெளி விழுந்தது. சிக்னல் சரியில்லை என்று நினைத்தேன். அந்த இடைவெளியில் நான் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன்.

வேலை வேலை என்று ஊருக்குப் போய் ரொம்ப நாளாகியிருந்தது. ஒருவழியாகப் போனபோது, வாசலில் செருப்பைக் கழற்றுகையிலேயே கொல்லையிலிருந்து இருமல் கேட்டது. அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல். போய்ப் பார்த்தால் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"என்னம்மா இது, எப்பருந்து?"

"ஒனக்குத் தெரியாதாக்கும்."

"நீ சொன்னாத்தான தெரியும்?"

"தெனமும் ஒங்கிட்ட இருமிக்கிட்டேதானத்தா பேசுறேன். என்னன்னு ஒரு வார்த்த விசாரிப்பன்னு பாத்தேன். நீ பாட்டுக்கு வேற சங்கதிக்குப் போயிட்ட. சரி, புள்ளைக்கு அம்புட்டு வேலன்னு விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். குழம்புக்கு உப்பு போதாது என்பதுபோலச் சொன்னாள்.

நான் மதிப்பெண் போடுகிற அதே இரைச்சல் நீக்கும் வசதி அந்தப் புதுப் போனிலும் இருந்திருக்கிறது, போன்தான் இருமலை எடுத்துவிட்டது என்று விளக்கினேன். நம்பவில்லை. என் போனை அவள் காதில் வைத்துவிட்டு, அவளுடைய போனோடு மல்லிகைத் தோட்டத்துக்குப் போய்ப் பேசிக்கொண்டே இருமிக் காட்டினேன். திரும்பி வந்தால், "நீ வாயப் பொத்திக்கிட்டு இருமியிருப்ப" என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

"சரி, இருமல எதுக்குப் பிரிச்சு எடுக்குறான்? மனுசன்னா இரும மாட்டானா?"

"கேக்குறவங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னுதாம்மா."

"ஓ, அப்படியா" என்றாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் எடுத்துக் காசநோய் என்றார்கள். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடுமாம். "இவ்ளோ நாளா வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அது டவுன்ல இருக்கும்மா. அதுக்கு எப்படித் தெரியும்?" என்னைக் காப்பாற்றுகிறாளாம். அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல இருந்தது.

என்னோடு வந்து இரு என்று எவ்வளவோ கெஞ்சினேன். மாடிப்படி ஏற முடியாது, தோட்டத்தை விட்டுவிட்டு வர முடியாது என்று ஆயிரம் சொன்னாள். பூவெடுக்கப் பக்கத்து வீட்டு அக்காவை ஏற்பாடு செய்தேன். அம்மாவின் போனில் தேடித் தேடி அந்த வசதியை அணைத்துவிட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பினேன்.

இப்போது போனில் கோழி வருகிறது, மோட்டார் வருகிறது. இருமல் மட்டும் வரவில்லை. மாத்திரை கேட்கிறது என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். அடுத்த நாள் ஹெட்போனைக் கழற்றாமலே அவளோடு பேசினேன். பேச்சு நடுவில் நின்றது. கோழிச் சத்தம் சட்டென்று மங்கியது, ஏதோ உரசியது, பிறகு கோழி மறுபடி தெளிவாகக் கேட்டது. காலையிலிருந்து மாலைவரை இதைத்தானே கேட்கிறேன், இதுகூடவா தெரியாது? இருமல் வரும்போதெல்லாம் போன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துகிறாள். கோழி மறுபடியும் மங்கியது.

"அம்மா, கைய எடு."

"எந்தக் கைய?"

"போன் மேல வச்சிருக்கிற கைய. இருமல் வந்தா இருமும்மா."

மறுபடி ஏதோ உரசியது, கோழி தெளிவாகக் கேட்டது.

"கேக்குறவங்களுக்குத் தொந்தரவுன்னு நீதானத்தா சொன்ன."

"எனக்கு இல்லம்மா. எனக்குத் தொந்தரவே இல்ல."

"சரித்தா, நீ ஒன் வேலையப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.