இருபத்தேழாவது எறி

சுண்ணாம்பு கையில் பட்டதும் முதலில் குளிரும். கொஞ்ச நேரத்தில் அரிக்கும். காய்ந்தால் தோலைப் பிடித்து இழுக்கும். ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தால் போதும், வெற்றிலைக் கடையானாலும் கல்யாண வீடானாலும், என் இடது கை தானாக மடங்கிக்கொள்கிறது. இத்தனை வருஷம் ஆகியும் விடவில்லை.

இதை எழுதக் காரணம் எங்கள் ஊர் டீக்கடை. பழைய ஏரி மடைக்கல்லில் எத்தனை கை பதிந்திருந்தது என்று அங்கே அடிக்கடி பேச்சு வரும். ஒருவன் எட்டு என்கிறான். ஒருவன் பதினொன்று என்கிறான். கல்லைக் கண்ணால் பார்க்காதவன்தான் கூடுதலாகச் சொல்கிறான். ஐந்து. நான் தினமும் பார்த்த கல். ஐந்துதான். ஆறாவது என்ன ஆனது என்பதைச் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது. அப்புறம் அவர்கள் இருபது என்று சொல்லிக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் விக்கிரமங்கலத்துக்குப் பக்கம். ஏரி ஒன்று உண்டு. மாசி பிறந்தால் தண்ணீர் வற்றித் தரை வெடித்துவிடும். அது உலகச் சண்டை நடந்த காலம். மண்ணெண்ணெய்க்குக் கார்டு, துணிக்குக் கார்டு. கிட்டிப்புள்ளுக்கு மட்டும்தான் கார்டு கேட்கவில்லை. ஆகவே ஏரி வற்றியதும் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் கிடப்பார்கள்.

மற்ற ஊர்களில் புள்ளைக் குழி மேல் வைத்து, கிட்டியால் நெம்பி விட்டு அடிப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது சின்னப் பிள்ளைகள் ஆட்டம். கொஞ்சம் வளர்ந்தவர்கள் ஆடுவது 'எறியாட்டம்'. குழிக்கு முன்னால் ஒருவன் கிட்டியோடு நிற்பான். பதினைந்து அடி தள்ளி நிற்கிறவன் புள்ளைக் குழியைப் பார்த்து எறிவான். வருகிற புள்ளை அந்தரத்திலேயே அடிக்க வேண்டும். ஆளுக்கு மூன்று எறி. மூன்றிலும் கிட்டி படாவிட்டால் அவன் போக வேண்டியது. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். குழியைச் சுற்றிக் கிழித்த வட்டத்துக்கு வெளியே விழுந்தால் அந்த எறி செல்லாது, திரும்ப எறிய வேண்டும்.

ஒன்பது பேரும் ஒரு அடிகூட அடிக்காமல் திரும்பிப் போனால் அதற்கு 'வெறுங்குழி' என்று பெயர். பத்து வருஷத்தில் ஒன்று நடந்தால் அதிசயம். அப்படி எறிந்தவன், எறிந்த கையைச் சுண்ணாம்பில் தோய்த்து மடைக்கல்லில் பதிக்கலாம். அந்தச் சுண்ணாம்பைத் தோற்ற ஊரின் கடைசி ஆட்டக்காரன் தேங்காய்த் தொட்டியில் ஏந்தி, ஏரியைக் குறுக்காகக் கடந்து, எல்லாரும் பார்க்கக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதுதான் முறை. கல்லில் இருந்த ஐந்து கையும் அப்படி வந்தவை. ஐந்தும் வலது கை.

நான் பீச்சாங்கைக்காரன். சாப்பிடும்போது அப்பா அடித்து அடித்து, சோற்றுக்கு மட்டும் வலது கை பழகிவிட்டது. எறிவதற்குப் பழகவில்லை. எங்கள் ஊரில் எறிகிற இடம் தங்கராசுவுடையது. அவன் என் மாமன் மகன், என்னைவிட ஒரு வயது மூப்பு. அவனுடைய அப்பா வைத்தி மாமா மடைக்காரர். ஏரி மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. கல்லில் மூன்றாவது கை அவருடையது. மகன் கையும் அதில் ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. நான் தூரத்தில் நின்று புள் பொறுக்கிக் கொடுக்கிற ஆள். எறியக் கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள்.

"அந்தக் கையால எறிஞ்சா புள்ளு நாறும்டா" என்பான் தங்கராசு.

அந்த வருஷம் பங்குனியில் அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் உப்பி, கழுத்தில் அவன் அம்மாவின் சங்கிலியைப் போட்டு, வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். தங்கம் கழுத்தில் கிடக்கிறவனை ஏரிக்கு யார் அனுப்புவார்கள்? ஆட்டமோ ஏலாக்குறிச்சிப் பக்கத்தில், மாதா கோவில் இருக்கிற வேதக்கார ஊரோடு பேசியாகிவிட்டது. வேறு இரண்டு பேர் எறிந்து பார்த்தார்கள். வட்டத்துக்குள் விழவில்லை. கடைசியில் என்னை விட்டார்கள். இந்த ஒரு ஆட்டம்தான், தங்கராசு எழுந்து வந்ததும் நீ பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லித்தான் புள்ளைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு ஒன்று தெரிந்தது. கல்லில் கை ஏறினவனைப் புள் பொறுக்கப் போகச் சொல்ல முடியாது.

முதலில் நாங்கள் அடித்து முடித்தோம். பிறகு அவர்கள் வந்தார்கள். இடது கையிலிருந்து வருகிற புள்ளை அவர்கள் பார்த்ததே இல்லை. அது உடம்புப் பக்கம் வருமென்று கிட்டியை வீசினால் மறுபக்கம் விலகிப் போயிற்று. நான்கு பேர் போனார்கள். ஐந்தாவது ஆள் போனதும் எங்கள் ஆட்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இதுவும் ஒரு முறை. வெறுங்குழி வரப்போகிற மாதிரி இருந்தால் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, எறிகிறவனோடும் பேசக் கூடாது. பேசினால் கெட்டுவிடுமாம். நல்ல வெயில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டேன். குடம் பத்தடியில் இருந்தது. குடத்தின் பக்கத்தில் இருந்தவன் தலையைத் திருப்பிக்கொண்டான். திரும்பக் கேட்டேன். நான்கு பேர் வானத்தைப் பார்த்தார்கள். பருந்துகூட இல்லாத வானம். என் சொந்தத் தம்பி மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். தண்ணீர் கொடுக்கப் பேச வேண்டியதில்லையே என்று அந்த முட்டாள்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. நானே போய் எடுக்கலாம் என்றால், எறிகிறவன் கோட்டை விட்டு விலகினாலும் கெட்டுவிடும் என்று அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். எச்சிலை விழுங்கிக்கொண்டு எறிந்தேன்.

எட்டுப் பேர் போனார்கள். ஒன்பதாவது ஆள் சவரி.

சவரிமுத்துக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லியாக இருப்பான், வாய் மட்டும் பெரிது. அவர்கள் ஊர்க் கோவிலில் மணி அடிக்கிற வேலை அவனுடையது. சாயங்காலம் ஆறு மணிக்கு, செபத்துக்கான திரிகால மணி அடிப்பான். எங்கள் இரண்டு ஊரிலும் கடிகாரம் வைத்திருந்தவர் அவர்கள் சாமியார் ஒருவர்தான். ஆகவே அந்த மணிதான் எல்லாருக்கும் கணக்கு. மணி கேட்டால் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குகிற பெண்கள் கூடையைத் தூக்குவார்கள். மாடு திரும்பும். எங்கள் ஆட்டமும் நிற்கும். மணிக்கு முன்னால் முடியாத ஆட்டம் ஆடாத ஆட்டம் என்று இரண்டு ஊரும் ஒப்புக்கொண்டிருந்தன.

முதல் எறி. சவரி வீசினான், படவில்லை. இரண்டாவது எறி. படவில்லை. அதோடு இருபத்தாறு எறி. பாக்கி ஒன்று.

நான் புள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சவரி மேற்கே பார்த்தான். கிட்டியைக் குழிமேல் மெதுவாக வைத்தான்.

"மணி அடிக்க நேரமாயிடுச்சு. போயிட்டு வரேன்" என்றான்.

போயிட்டு வரேன் என்றதால் வருவான் என்று நினைத்து நின்றோம். அவன் ஓடின வேகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சூரியன் பனங்காட்டுக்கு மேலே இரண்டு பனை உயரத்தில் நிற்கிறது. நான் கோட்டிலேயே நிற்கிறேன், புள் கையில் இருக்கிறது. அவன் ஏரிக்கரையில் ஏறுகிறான், இறங்குகிறான், மறைகிறான். எங்கள் ஆட்கள் அப்போதும் வாயைத் திறக்கவில்லை, பேசினால் கெட்டுவிடுமே. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. நன்றாக, நிதானமாக, மூன்று மூன்றாக அடித்தான்.

மணி அடித்தாயிற்று. ஆட்டம் இல்லை. அவர்கள் ஊர் ஆட்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். அப்போதுதான் என் தம்பி தண்ணீர் கொண்டுவந்தான்.

சவரி ஒன்றை மறந்துவிட்டான். மணி எங்களுக்கு மட்டும் அடிக்கவில்லை. முந்திரிக் காட்டில் பெண்கள் எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாதி மரம் பொறுக்காமல் கிடந்தது. காட்டைக் குத்தகை எடுத்திருந்தவர் நேரே சாமியாரிடம் போய், வெயில் காயும்போதே உங்கள் ஊரில் சாயங்காலம் ஆகிவிடுமா என்று சத்தம் போட்டிருக்கிறார். சாமியார் சவரியைக் கூப்பிட்டார். அவன் முதலில் வயிற்று வலி என்றிருக்கிறான். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சாமியார் அடிக்கவில்லை, முட்டி போடச் சொல்லவில்லை. சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு போ என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் காலையில் சவரி தேங்காய்த் தொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஏரியைக் குறுக்காகக் கடந்து வந்தான். எங்கள் ஊரே கரையில் நின்று பார்த்தது. தொட்டியை என் முன்னால் நீட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை. நான் இடது கையைத் தோய்த்தேன். குளிர்ந்தது. கல்லை நோக்கி இரண்டு அடி வைத்தேன்.

வைத்தி மாமா குறுக்கே வந்து நின்றார்.

"கற்பூரம் காட்டுற கல்லுடா இது. பீச்சாங்கைய வைக்கிற இடமா?"

மடை திறக்கிற நாளில் அந்தக் கல்லுக்குத்தான் பூசை. அது எனக்கும் தெரியும். எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு சுண்ணாம்போடு வந்து நிற்கிறான், எங்கள் ஊர் ஆள் மறிக்கிறார். சவரியே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். கூட்டத்தில் ஒருவர், பையன் எறிந்தது எறிந்ததுதானே என்று இழுத்தார். இன்னொருவர், தண்ணீர் வராமல் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார். மாமா கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, கலியா. சோத்தாங்கைய வச்சுட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்லல."

"அது எறியலையே மாமா" என்றேன்.

"எறிஞ்சா என்ன எறியாட்டி என்ன, உன் கைதானடா?"

வலது கையை வைத்திருந்தால் கல்லில் ஆறு ஆகியிருக்கும். அடுத்த வருஷமும் நான் எறிந்திருப்பேன். பன்னிரண்டு வயதில் அவ்வளவும் தெரிந்துதான் நின்றேன். சுண்ணாம்பு அரிக்கத் தொடங்கியிருந்தது. தொட்டியை வாங்கிக்கொண்டு கரையைவிட்டு இறங்கினேன்.

சவரி பின்னாலேயே வந்தான். தொட்டியைத் திருப்பிக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"எங்க மணிக்கூண்டுல வையி. எங்க சாமியாரு எந்தக் கைன்னு கேக்க மாட்டாரு" என்றான்.

அவன்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. ஆனாலும் போனேன். வேறு எங்கே போவது? நடு ஏரியில் சுண்ணாம்பு காய்ந்துவிட்டது. மணிக்கூண்டுக்கு வந்ததும் அவன் தொட்டியில் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுத்தான். கையை நன்றாகத் தோய்த்துச் சுவரில் அழுத்தி எடுத்தேன்.

ஒன்றும் தெரியவில்லை.

திருவிழாவுக்கென்று போன வாரம்தான் கூண்டுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கை. இந்த யோசனை அவனுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. இருவரும் சாய்ந்து சாய்ந்து பார்த்தோம்.

"காஞ்சா தெரியும்" என்றான் சவரி.

காய்ந்தது. இன்னும் வெள்ளையாக ஆனது.

தங்கராசு கன்னம் வற்றி எழுந்து வந்தான். நான் புள் பொறுக்கப் போனேன். அவன் கை கடைசிவரை கல்லில் ஏறவில்லை. மாமா அந்த வருத்தத்தோடேயே போய்ச் சேர்ந்தார். அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பியது. என் பீச்சாங்கை கல்லில் படாததால்தான் நிரம்பியது என்று சொன்னவர்களும் உண்டு. அடுத்த வருஷம் நிரம்பவில்லை. அதற்கு அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அந்த மடை இல்லை. இரும்புக் கதவு வைத்து சிமெண்டில் கட்டிவிட்டார்கள். கல்லை யாரோ புரட்டிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எறியாட்டம் ஆடத் தெரிந்தவர்கள் இரண்டு ஊரிலும் சேர்த்து நாங்கள் ஏழெட்டுக் கிழவர்கள் இருந்தால் அதிகம். ஏரியில் சீமைக் கருவேல் மண்டிவிட்டது. எண்ணிக்கை மட்டும் டீக்கடையில் வளர்கிறது.

சவரி இருக்கிறான். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் எப்போது பார்த்தாலும் அவனுக்கு ஒரே பேச்சு. மூன்றாவது எறியை நீ எறிந்திருந்தால் நான் அடித்திருப்பேன் என்பான். ஓடினவன் நீதானே என்றால், மணிக்கு நேரமாகிவிட்டது என்பான். இத்தனை வருஷமாக இதையே சொல்கிறான். இரண்டு பனை உயரம் சூரியன் என்று நானும் இதையே சொல்கிறேன்.

போன வருஷம் அவர்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போனேன். மணிக்கூண்டுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்தக் கை எந்த இடத்தில் என்று கேட்டேன். சவரி தன் தோள் உயரத்தில் சுவரைத் தட்டி, "இங்கதான்" என்றான்.

"அப்ப நாம அவ்வளவு உயரம் இல்லடா. கீழ" என்றேன்.

"நீ எக்கித்தான வச்ச?"

"நான் எதுக்கு எக்குறேன்?"

இரண்டு பேரும் சுவரைத் தடவிக்கொண்டு நின்றோம். தலைக்கு மேல் மணி அடித்தது. கயிறு இல்லை, ஆள் இல்லை. கரண்டில் தானாக அடிக்கிறது. சவரி கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"சரியா ஆறு" என்றான்.

இப்போது சரியாக அடித்து எனக்கு என்ன ஆகப்போகிறது?