ஏழுமலை அண்ணனின் முதலுதவிப் பெட்டி

இரண்டு வாரத்துக்கு முன்பு, காலை முதல் டிரிப்புக்கு வண்டியைக் கிளப்பும்போது செய்தி வந்தது. ஏழுமலை அண்ணனுக்கு மாரடைப்பு, மாகறலில் அவர் வீட்டிலேயே உயிர் பிரிந்துவிட்டது என்றார்கள். என்னால் கியர் போட முடியவில்லை. உத்திரமேரூர் டவுன் பஸ்ஸில் அவர் கண்டக்டர், நான் டிரைவர். ஒன்பது வருடம் ஒரே வண்டியில் ஓடினோம்.

எல்லா பஸ்ஸிலும் ஒரு முதலுதவிப் பெட்டி உண்டு. பெரும்பாலும் அதில் டிரைவரின் சீப்பும் பவுடரும் இருக்கும். எங்கள் பெட்டியிலிருந்து என் சீப்பைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டுத்துணி வைத்தவர் அவர். அந்தக் கோபம் எனக்கு ஒரு மாதம் இருந்தது.

பிறகு ஒரு நாள் சாலவாக்கத்தில் நானே சீட்டிலிருந்து குதித்துக் கணுக்காலைப் பிசகிக்கொண்டேன். தைலம் போட்டு உருவிவிடச் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. ஐஸ்காரரிடம் நான்கு குச்சி ஐஸ் வாங்கி, துண்டில் சுற்றிக் காலில் வைத்தார்; காலைத் தூக்கிப் பெட்டி மேல் வைத்தார். வீங்குகிற இடத்தை உருவினால் இன்னும்தான் வீங்கும் என்றார். நான்காம் நாள் வண்டி ஓட்டினேன். ஆரஞ்சு ஐஸ் வீணானதில்தான் எனக்கு வருத்தம்.

அவர் யாரென்று ஊருக்குத் தெரிந்தது கன்னியம்மா விழுந்த அன்றுதான். நடவுக்குப் போகிற பெண்களோடு பெருநகரில் இறங்கியவர், படியில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தார். முன்கை வளைந்தே போயிற்று. அந்தக் கையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. எலும்பை இழுத்து நேராக்க ஒரு பெரியவர் ஓடிவந்தார். நானும், "சீக்கிரம் இழுத்து வுடுங்க" என்றேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

"யாரும் தொடாதீங்க. இழுத்தா உள்ள நரம்பு அறுந்துடும். எப்படி கீதோ அப்படியே கட்டணும்" என்றார் அண்ணன்.

அடுத்த சிக்கல் வளையல். கை வீங்கினால் கண்ணாடி வளையல் இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். உடனே கழற்ற வேண்டும்; உடைத்துவிடலாம் என்றார்கள். கட்டியவன் உயிரோடிருக்க வளையலை உடைப்பதா என்று கன்னியம்மா அழுதார். எலும்பு உடைந்ததற்குக்கூட அவர் அப்படி அழவில்லை.

அடிபட்ட இடத்தில் எண்ணெயே ஆகாது என்று எங்களை விரட்டியவர், அன்று தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கினார். ஒரு பெண்ணைக் கையை அசையாமல் தாங்கச் சொல்லி, விரல்களில் எண்ணெய் தடவி, ஒவ்வொரு வளையலாக நழுவவிட்டு எடுத்து, இடது கையில் போட்டுவிட்டார். ஒன்றுகூட உடையவில்லை. பிறகு செய்தித்தாளை மடித்து அடியில் கொடுத்துக் கட்டி, துண்டால் கழுத்தோடு தூளி போட்டார். வழி நெடுக விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். மரத்துப் போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எந்த நிறுத்தத்திலும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு பயணிகூடத் திட்டவில்லை.

அடுத்த நடவில் கன்னியம்மா இரண்டு கையாலும் நாற்று நட்டார். எங்கள் பஸ்ஸைப் பார்த்ததும் வலது கையைத் தூக்கி ஆட்டுவார். நான் ஹாரன் அடிப்பேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிக்கெட் கிழிப்பார். சிரிப்பை மறைக்கத்தான்.

அதற்குப் பிறகு பெட்டியில் ஒரு டஜன் சிவப்பு வளையலும் சேர்ந்தது. யாருக்காவது அவசரத்தில் வளையலை உடைத்து எடுக்க நேர்ந்தால், மறு கையில் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார். கண்டக்டர் வளையல் கடை வைத்துவிட்டார் என்று டிப்போவில் கேலி செய்தோம்.

நேற்று செய்யாற்றங்கரையில் கருமாதி. அண்ணியை உட்காரவைத்து வளையலை உடைக்கக் கையைப் பிடித்தார்கள். பெண்கள் கூட்டத்திலிருந்து கன்னியம்மா எழுந்து வந்து, தன் வலது கையைக் குறுக்கே நீட்டினார்.

"என் வளையல ஒடைக்காம கயட்டின மனுசன் அவரு. அவரு பொண்டாட்டி வளையல மட்டும் ஒடைக்க வுட்டுடுவனா?"

உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணி நிமிர்ந்து பார்த்து, கையை இழுத்துக்கொண்டார்கள். "ஒடைக்க வாணாம்" என்றார்கள் அண்ணி. பிடித்திருந்தவர்கள் விலகினார்கள்.

டிப்போ ஆட்களை ஏற்றி வந்த எங்கள் பஸ்ஸிலிருந்து நான் பெட்டியை எடுத்து வந்து கொடுத்தேன். கன்னியம்மா அந்தச் சிவப்பு வளையல்களை அண்ணியின் இரண்டு கையிலும் போட்டுவிட்டார். டிப்போ ஆட்கள் உட்பட ஒருவரும் சிரிக்கவில்லை.

அண்ணே, பெட்டியில் வளையல் தீர்ந்துவிட்டது. இன்று ஒரு டஜன் வாங்கி வைத்துவிட்டேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.