களைத்த கண்ணை நம்பாதவர்

யூசுப் ராவுத்தர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஓர் ஐயங்கார் வீட்டில், கல்யாணப் பெண்ணின் தோட்டுக்கு ஜோடிக் கல் காட்டிக்கொண்டிருந்தேன். கடைக் கணக்குப்பிள்ளை குதிரைவண்டியில் வந்து இறங்கி, வாசலில் நின்றபடியே, "பெரியவர் தவறிட்டாருங்க" என்றார். "யார் சொன்னது?" என்பதுதான் என் வாயிலிருந்து முதலில் வந்தது. தரகர்களின் தொல்லை பொறுக்காமல் போகும்போது, 'காய்ச்சலாய்க் கிடக்கிறார் என்று சொல்லிவிடு' என்று என்னை வாசலுக்கு அனுப்புவது அவர் வழக்கம். இதுவும் அப்படி ஒன்றாக இருக்கக்கூடாதா என்று மனம் ஒரு நிமிடம் ஆசைப்பட்டது.

ஐயங்கார் கல்லைத் தட்டில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ராவுத்தரா? நேத்து சாயங்காலம்கூட பாலத்துல பார்த்தேனே! 'இது காவேரித் தண்ணிதானான்னு நல்லா விசாரிச்சீங்களா சாமி'ன்னு கேலி பண்ணிட்டுப் போனாரே!" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எனக்கு அழுகை மட்டும்தான் வந்தது.

பெரிய கடைவீதியில் அவரை அறியாதவர் இல்லை. அவர் சந்தேகப்படாத ஆளும் இல்லை. பால்காரர் செம்பைச் சாய்க்கும் முன்பே விரலை விட்டுப் பார்ப்பார். யாராவது அவரை வாயாரப் புகழ்ந்தால், "பேச்சைக் கேட்காதே மாப்ள, கை எங்கே இருக்குன்னு பாரு" என்று என் காதில் சொல்வார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் சந்தேகத்தில் விஷம் இல்லை. தோட்டுக்கும் மூக்குத்திக்கும் கல் விற்பவர் அவர். பார்க்காமல் நம்புவதை அந்தத் தொழில் மன்னிக்காது. "சந்தேகப்படுறது பாவமில்ல, பாதியில விடுறதுதான் பாவம்" என்று அடிக்கடி சொல்வார். ஒரு கல்லைப் பார்க்க எடுத்தால், நல்லதா பொல்லாததா என்று தீரும்வரை கீழே வைக்கமாட்டார்.

அவர் என் அக்காள் மரியத்தின் கணவர். அதனால் இந்த அஞ்சலியைக் கடைவீதிக்காரனாக மட்டும் எழுத என்னால் முடியாது.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் நீலக்கல் வாங்க அவர் கொழும்புக்குப் போய் வருவார். போட் மெயில் ரயிலில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் பிடித்துப் போகும் அந்தப் பயணத்தைப் பற்றித் திருச்சியில் பேசாத வாய் கிடையாது. கடல் தாண்டினவன் சுகவாசி என்பது ஊர் தீர்ப்பு. கடற்கரைக் காற்று வாங்குகிறார், ஹோட்டலில் சாப்பிடுகிறார், மோட்டாரில் சுற்றுகிறார் என்பார்கள். பெண்கள் பேசியது அதற்கும் மேலே. "கொழும்புலயும் ஒரு குடும்பம் இருக்காம்" என்று யாரோ ஆரம்பித்துவைக்க, அது என் அக்காளின் அடுப்படிவரை வந்துவிட்டது.

அக்காளின் சந்தேகத்துக்கும் முகாந்திரம் இல்லாமல் இல்லை. ஊரில் பெருநாளைக்குப் பெருநாள்தான் தாடியை ஒழுங்குசெய்துகொள்ளும் மனிதர், கொழும்பிலிருந்து வரும்போது மட்டும் புதுமாப்பிள்ளை போல் வந்து இறங்குவார். முகம் மழமழவென்று இருக்கும். சட்டையில் அத்தர் மணக்கும். யாருக்காக இந்தச் சிங்காரம் என்று எந்தப் பெண்தான் கேட்கமாட்டாள்?

ஒருநாள் அக்காள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். "தம்பி, இந்தத் தடவை நீயும் கூடப் போ. அப்படி ஒன்னு இருந்துச்சுன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு பாலக்கரைக்கு நம்ம வீட்டுக்கே வந்துடறேன். இல்லேன்னா இல்லேன்னு வந்து சொல்லு. எதுவா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள். அவள் கண்ணில் ஈரம் இல்லை. முடிவு எடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள் என்று புரிந்தது. ஒரு குடும்பம் நிற்பதும் கலைவதும் என் வாயில் இருந்தது.

தொழில் பழகிக்கொள்ள வருகிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். "வா மாப்ள, எனக்கும் ரெண்டு கண்ணு கூடும்" என்றார். உடனே சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை. எதற்கும் குறுக்குக் கேள்வி கேட்கிறவர் இதற்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

கொழும்பில் நாங்கள் தங்கியது கல் வியாபாரியான ஒரு ஹாஜியாரின் வீட்டு மாடியில். வாங்க வருகிறவர்கள் விற்கிறவர் வீட்டிலேயே விருந்தாளியாகத் தங்குவது அங்கே வழக்கம். போன மறுநாளே ஊர் சொன்ன சுகம் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு எழுந்தால் தாழ்வாரத்தில் தரகர்கள் பொட்டலங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். கல்லைச் சூரிய வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும் என்பதால், பொழுது சாயும்வரை ஜன்னலோரத்தை விட்டு நகர முடியாது. பொழுது சாய்ந்தபிறகு விலைப்பேச்சு, துண்டுக்கு அடியில் கைவிட்டு விரலைப் பிடித்துப் பேசுவது. அது முடிந்தால் ஹாஜியாரின் சம்பந்தி வீட்டில் விருந்து. விருந்துக்கு வந்தவர் மடியிலும் ஒரு பொட்டலம் இருக்கும். கடற்கரையை நான் வரும் வழியில் கப்பலிலிருந்து பார்த்ததோடு சரி.

"இன்னம் ஒண்டு பாருங்கோ மொதலாளி, கடைசி ஒண்டு" என்பார் ஹாஜியார். அந்தக் கடைசி ஒன்றுக்குக் கடைசியே கிடையாது. மதியம் நெய் மணக்கும் சோறும் இறைச்சியும் போட்டு, கண் செருகும் நேரம் பார்த்து, புதுப் பொட்டலத்தைப் பிரிப்பார். "கவனிச்சியா மாப்ள? காலையில வந்த கல்லெல்லாம் சுமார். சோறு தின்ன பிறகு வர்றதெல்லாம் அற்புதம். கல்லு மாறல, நம்ம கண்ணுதான் மாறிடுச்சு. களைச்ச கண்ணு தாராளமாயிடும்" என்று மச்சான் என்னிடம் முணுமுணுத்தார். அதுவரை ஹாஜியாரின் உபசாரத்தில் நெகிழ்ந்திருந்த நான், அதற்குப் பிறகு அவர் வைத்த வாழைப்பழத்தைக்கூட உரிக்குமுன் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஆனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் மச்சான் காணாமல் போய்விடுவார். "கொஞ்சம் வெளியே போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டுவார். எங்கே என்று சொல்லமாட்டார். திரும்பி வரும்போது முகம் பளபளக்கும், அத்தர் மணக்கும், கண் தெளிந்திருக்கும். நான் பிரமாதம் என்று எடுத்துவைத்த பொட்டலத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய், கீற்று ஓடிய கற்களை ஒன்றொன்றாய் ஒதுக்கித் தள்ளுவார். ஹாஜியார் சிரித்துக்கொண்டே, "ராவுத்தர் எங்கே போயிட்டு வாறாரோ, புது மனுஷனா வாறார்" என்றார். அக்காளிடம் என்ன சொல்வேன்?

அடுத்த நாள் பின்னாலேயே போனேன். இரண்டு தெரு தள்ளி ஒரு சலூனுக்குள் நுழைந்தார். நான் எதிர்ச் சாரியில் நின்றேன். போனவர் வெளியே வரவே இல்லை. பின்வாசல் வழியாக எங்கேயோ போகிறார் என்று தோன்றியது. பொறுக்கமாட்டாமல் கதவைத் தள்ளினேன். உள்ளே சாய்வு நாற்காலியில், முகத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, கழுத்துவரை வெள்ளைத் துணியோடு, என் மச்சான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சலூன்காரர் உதட்டில் விரலை வைத்தார். அய்யாக்கண்ணு என்று பெயர், முசிறிக்காரர். "வாங்க தம்பி. நீங்க வருவீங்கன்னு சொல்லியிருந்தாரு. உங்களுக்கும் நாற்காலி தயாரா வச்சிருக்கேன்" என்றார். உட்கார்ந்தேன். ஈரத்துணி முகத்தில் பட்டதுதான் தெரியும்.

விழித்தபோது மச்சான் எழுந்து அத்தர் பூசிக்கொண்டிருந்தார். "விருந்து போடுறவன் வீட்டுல பகல்ல படுத்தா, சோறு சரியில்லேன்னு சொல்ற மாதிரி ஆயிடும். கடைவீதியில உட்கார்ந்தா தரகன் விடமாட்டான். தொண்டையில கத்தி இருக்கிறவன்கிட்டதான் மாப்ள எவனும் விலை பேசமாட்டான்" என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மரியத்துகிட்ட பார்த்ததைச் சொல்லு. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஊருக்கு வந்து பார்த்ததைச் சொன்னேன். அக்காள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் மழித்து, அத்தர் மணக்க நின்றேன் நான். "அடப்பாவி, உன்னையும் சேர்த்துக்கிட்டாரா?" என்றாள். "தூங்குறதுக்குச் சலூனுக்குப் போனாராம்! இதைவிட நல்ல பொய் கிடைக்கலியா?" உண்மை இவ்வளவு கேவலமான பொய் போல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் உள்ளே போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

வேறு ஆளாக இருந்தால் குர்ஆன் மேல் சத்தியம் செய்திருப்பார். மச்சான் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார்: "அவன் சொன்னான்னு நம்பாதே. நான் சொன்னேன்னும் நம்பாதே. அடுத்த தடவை நீயே வா. வந்து பாரு. பார்த்த பிறகும் போகணும்னா நானே வண்டி பிடிச்சுத் தரேன்." தன்னைச் சந்தேகித்ததற்காக அவர் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. கல் பார்க்க வந்தவரிடம் பேசுகிற மாதிரி மதித்துப் பேசினார். அக்காள் மடித்த அதே துணியைப் பெட்டியில் வைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனாள்.

அங்கே ஹாஜியார் வீட்டு உள்கட்டில் இருந்து, பலகணி வழியாக அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். விடியுமுன் வந்து உட்காரும் தரகர்களைப் பார்த்தாள். ஆறிப்போகும் தேநீரைப் பார்த்தாள். ஒருநாள் மதியம், கல்லைப் பிடித்தபடியே மச்சான் தூங்கி விழுவதைப் பார்த்ததும், "எனக்கு வயித்துவலி, அவரைக் கூப்பிடுங்க" என்று அலறிவிட்டாள். பதறிப்போய் உள்ளே ஓடிய மச்சானைப் படுக்கவைத்து, கதவைத் தாழிட்டு, தான் வாசலில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தாளாம். பெண்கள் கட்டுக்குள் எந்தத் தரகன் வருவான்? அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் அக்காளுக்கு மதியமானால் வயிற்றுவலி வந்தது. சலூனுக்குப் போகும் தேவை தீர்ந்தது. 'பாவம், ராவுத்தருக்கு வாய்த்தது நோயாளிப் பெண்' என்று கொழும்பே பேசிக்கொண்டது. திருச்சியில் கல்லைத் தின்றாலும் ஜீரணிக்கிறவள் என் அக்காள்!

யுத்தம் வந்தபிறகு பயணம் நின்றது. மச்சான் கடையோடு இருந்தார். இப்போது அவரும் இல்லை.

அடக்கம் முடிந்து, அக்காள் கணவனை இழந்தவளுக்கான இத்தாவில் வீட்டோடு இருந்தபோது அவளருகே போய் உட்கார்ந்திருந்தேன். பாயில் எனக்கு இடம் ஒதுக்கித் தந்தாள். பிறகு, "தம்பி, நான் கூட வர்றதுக்கு முன்னாடி... தினமும் அந்தச் சலூனுக்குத்தான் போனாரா?" என்றாள். இத்தனை வருஷமும் அது அவளுக்குள் கிடந்திருக்கிறது.

நான் பின்னால் போனது ஒரே ஒருநாள். அன்று எனக்காக நாற்காலி தயாராக இருந்தது. 'தயாரா எடுத்து வச்ச கல்லைத்தான் முதல்ல சந்தேகப்படணும்' என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மற்ற நாட்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

"ஆமாக்கா, தினமும் அங்கதான்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி" என்றாள்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்ததை அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லி முடிக்கிறேன். எதையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கும் பழக்கம் அவர் தந்தது. இன்றைக்கு நான் கடை நடத்துவது அதை வைத்துத்தான். கூடவே ஒரு சந்தேகத்தையும் விட்டுப்போயிருக்கிறார். அய்யாக்கண்ணு யுத்தத்தில் கடையை மூடிவிட்டு முசிறிக்கே திரும்பிவிட்டார் என்று கேள்வி. காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துவிடலாம். நான் போகமாட்டேன்.