விடைப் பக்கத்தில் நான் போட்ட திருத்தம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருத்தணியிலிருந்து அரக்கோணத்துக்கு தினமும் மின்சார ரயிலில் போய்வந்துகொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. அங்கே ஒரு துணிக்கடையில் எனக்கு விற்பனைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நிற்பதில் முட்டி இரண்டும் வீங்கிவிடும். உள்ளூரிலேயே ஓர் அரசு வேலை கிடைத்தால் போதும் என்று தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை மயிரிழையில் தவறிவிட்டது. மூன்றாம் தடவையும் இப்படியானால் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

கணக்கும் பொது அறிவும் ஓரளவு வரும். காலை வாரியது தர்க்கப் பகுதியில் வரும் உறவுமுறைக் கேள்விகள்தான். இத்தனை சொந்தபந்தத்துக்கு நடுவே வளர்ந்தவள், எனக்கா உறவு தெரியாது என்கிற திமிர் வேறு!

அன்று பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பயிற்சிப் புத்தகம். ‘ஒரு பெண் ஒருவரைக் காட்டி, இவர் என் அம்மாவின் அம்மாவுக்கு ஒரே மகன் என்கிறாள். அவர் அவளுக்கு என்ன உறவு?’ யோசிக்கவே இல்லை; ‘கணவர்’ என்று குறித்தேன். பின்பக்கம் பார்த்தால் ‘தாய்மாமன்’ என்று போட்டிருந்தது. அச்சுப்பிழை என்று முடிவுகட்டி, பேனாவால் அடித்துத் திருத்தினேன். அந்தப் புத்தகத்தில் அப்படி நான் திருத்திய நான்காவது விடை அது.

எதிர் சீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாங்க, ஆன்சரையே திருத்திகினு இருக்கீங்க?”

“தப்பா போட்டுக்கீறாங்க. எங்க அம்மாவப் பெத்தவங்களுக்கு ஒரே புள்ள. அவரத்தான் நான் கட்டிக்கினு இருக்கேன்” என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். “ஆங், நானும் தாய்மாமனத்தாங்க கட்டிக்கினேன். ஆனா அது கேள்விக்குத் தெரியாதே!”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. மறுபடி படித்தேன். கேள்வியில் கல்யாணப் பேச்சே இல்லை. என் வீட்டு விஷயத்தை நானாகக் கொண்டுபோய் அதில் சேர்த்திருக்கிறேன். நான்கு கேள்வியிலும் இதே கூத்துதான்.

“உங்க வூட்டு ஆளுங்கள எறக்கி வுட்டுட்டு, இங்க உக்காந்துகினு இருக்கறவங்கள ஏத்துங்க” என்றாள் அவள். அப்படியே செய்தோம். அடுத்த கேள்வியில் கீரைக்கூடை வைத்திருந்த அம்மாவைத் தாயாக்கினோம். மல்லிப்பூ கட்டிக்கொண்டிருந்த அக்காவை மகனாக்கினோம். அவர் காதில் விழுந்துவிட்டது.

“இன்னாம்மா, நான் இந்தம்மாவுக்குப் புள்ளையா? அப்போ எனக்குப் பொண்ணு பாருங்க!” என்று அவர் கேட்டதும் பெட்டியே சிரித்தது. கீரைக்காரம்மாவோ இந்த வயதில் இப்படியொரு பிள்ளை தனக்கு வேண்டாம் என்று கைவிரித்துவிட்டார். அந்தச் சந்தடியில் பதினோரு கேள்வி போட்டேன். ஒன்றுகூடத் தப்பாகவில்லை. அரக்கோணத்தில் இறங்கிய கூட்டத்தில் அவளிடம் பேர் கேட்கக்கூட மறந்துபோனேன். நினைத்தால் இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் தடவை எழுதிய தேர்வில் உறவுமுறைக் கேள்விகள் அத்தனையும் சரி. இன்று ஒரு தாலுகா அலுவலகத்தில், வாரிசுச் சான்று மனுக்கள் வாங்கும் மேசைதான் என்னுடையது. போன வாரம், மனைவியை இழந்த ஒரு பெரியவரோடு மனு கொடுக்க இளம்பெண் ஒருத்தி வந்தாள். பார்த்தவுடன் மகள் என்றுதான் தோன்றியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க இவருக்கு என்ன வேணுங்க?” என்று கேட்டேன். அவருடைய இறந்துபோன மகனின் மனைவி என்றாள். கேட்காமல் மகள் என்று எழுதியிருந்தால், நான் அந்தத் தாளில் அவள் கணவனையே இல்லாமல் ஆக்கியிருப்பேன்.