தங்கைக்குச் சாமி வந்த வெள்ளிக்கிழமை

என் தங்கையின் கைகள் சும்மா இருக்காது. சந்தோஷம் வந்தால் விரல்களைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படபடவென்று ஆட்டுவாள். காத்திருக்க நேர்ந்தால் முன்னும் பின்னுமாக அசைவாள். சத்தம் கூடினால் உள்ளங்கைகளை உதறிக்கொண்டு ஒரே சுருதியில் முனகுவாள். மூன்றும் வேறு வேறு. ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இது ஆட்டிசம் என்பதும், இப்படிச் செய்துதான் அவள் தன்னை நிதானப்படுத்திக்கொள்கிறாள் என்பதும் எங்களுக்குத் தெரியவந்தது தொண்ணூறுகளில். நான் சொல்லப்போவது அதற்குச் சில வருடங்கள் முன்பு, அவளுக்கு இருபது வயதானபோது நடந்தது.

அம்மாவுக்கு அப்போது தெரிந்த ஒரே வைத்தியம், அவள் கையைப் பிடித்து அமுக்குவது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் பிளாட்டை விட்டு இறங்கினால் பிடித்த கையை விடமாட்டார். உறவுக்காரர்கள் முன்னால் கை ஆடிவிட்டால், அடுத்த விசேஷத்துக்குத் தங்கை வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அந்த வெள்ளிக்கிழமை கிள்ளானில், மாமா வீட்டுப் பக்கத்து அம்மன் கோயிலில் திருவிழா. பஸ் ஏறும்போதே அம்மா எச்சரித்தார்: "இன்னிக்குக் கை ஆடுச்சு, இனிமே எங்கயும் கிடையாது."

"எங்கயும் கிடையாது," என்றாள் தங்கை. கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் அவள் வழக்கம். ஆனால் ஊர் சுற்றுவது அவளுக்கு உயிர்.

கோயிலில் எங்களுக்குப் பக்கத்திலேயே உருமிமேளம் தொடங்கியது. தங்கையின் இரு கைகளையும் பிடித்திருந்த அம்மா, அர்ச்சனைத் தட்டை வாங்க ஒரு கையை எடுத்தார். அந்த நொடியில் தங்கை இரு கைகளையும் உருவிக்கொண்டு உதறத் தொடங்கினாள். முனகலும் எழுந்தது.

"ஆத்தா வந்துட்டா! வழி விடுங்க லா!" என்று யாரோ கத்தினார்கள்.

கூட்டம் வட்டமாக விலகியது. மேளக்காரர்கள் உற்சாகமாகி வேகமாக அடித்தார்கள். சத்தம் கூடியதால் அவள் உதறலும் கூடியது. அதைப் பார்த்து அவர்கள் இன்னும் அடித்தார்கள். ஒருவர் அவள் நெற்றியில் திருநீறு பூசினார். முகத்தை யாரும் தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. உடனே துடைத்துவிட்டாள்.

"ரொம்ப உக்கிரமா இருக்கா," என்று அவர் பின்வாங்கினார்.

பச்சைப் பட்டுச்சேலை கட்டிய ஆன்டி ஒருவர் தடாலென்று காலில் விழுந்தார். "தாயே, என் மகனுக்கு இந்த வருஷம் கல்யாணம்?"

"இந்த வருஷம் கல்யாணம்," என்றாள் தங்கை.

"கேட்டீங்களா, இந்த வருஷமே!" ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரை இடித்தார். "நீயும் கேளு, சீக்கிரம்!"

வரிசை சேரத் தொடங்கியது. மாமாகூடக் கைகூப்பி நின்றார். அம்மா வாய் திறக்காமல் இருந்தாலே போதும். இனி தங்கையை எந்த விசேஷத்திலும் முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். ஆனால் அவள் கண்களை இறுக மூடியிருந்தாள், கன்னத்தில் நீர் வழிந்தது.

அம்மா தட்டை என் கையில் திணித்தார். "மேளத்த நிறுத்துங்க! சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் மக பொறந்ததிலேருந்து இப்படித்தான். சத்தம் தாங்கல, கை ஆட்டுறா. ஆட்டட்டும்!"

மேளம் நின்றது. இத்தனை பேர் முன்னால் அம்மா அதைச் சொன்னது அதுதான் முதல் முறை.

"அப்ப என் மகன் கல்யாணம்?" என்றார் ஆன்டி.

"அத புரோக்கர்கிட்ட கேளுங்கக்கா."

கோயிலுக்குப் பின்னால் கார்கள் நிற்கும் இடத்துக்குப் போனோம். அம்மா தங்கையின் கையைப் பிடிக்கவில்லை. ஆன்டி ஓர் எலுமிச்சம்பழத்தோடு அங்கேயும் வந்து நின்றார்.

"எதுக்கும் பாப்பா ஒரு தடவ தொட்டுக் குடுக்கட்டுமே."

"தள்ளி நில்லுங்கக்கா," என்றார் அம்மா. "அவ கைய ஆட்ட இடம் வேணும்."