பிளந்து பார்த்த கரும்பு

போன ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்புக்குப் போயிருந்தேன். கோயிலுக்கு அல்ல... கரும்பு பார்க்க!

கூட்டிப்போனவள் செல்வராணி. விருதுநகரில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். இப்போது கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியாளர். கணவர் பால்ராஜ் திருத்தங்கலில் பிரஸ் வைத்திருக்கிறார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற வேலை. அவரால் மெஷினை விட்டு நகர முடியாது. இவளால் கரும்பை விட்டு நகர முடியாது. வாரக் கடைசியில் இவள் பஸ் பிடித்து வந்தால்தான் குடும்பம். மற்ற நாளெல்லாம் மிஸ்டு கால்!

"இந்த ரகம் மட்டும் வெளிய வரட்டும்டி. மதுரைப் பக்கம் மாறுதல் வாங்கிட்டு வந்துருவேன்" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கரும்புக்குச் செவ்வழுகல் என்று ஒரு நோய். காரணம் ஒரு பூஞ்சை. வெளியே கரும்பு பச்சையாக நிற்கும், உள்ளே சிவந்து அழுகிக்கொண்டிருக்கும். அதை எதிர்த்து நிற்கிற ரகம் ஒன்றை உருவாக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். பூஞ்சை சும்மா இருக்குமா? அதற்குள் தன்னை மாற்றிக்கொண்டு வந்து அந்த ரகத்தையும் சாய்த்துவிடும்.

கரும்பில் துளை போட்டு, நோயை உள்ளே வைத்து அடைத்து, காத்திருந்து பிளந்து பார்ப்பதுதான் செல்வராணியின் வேலை. ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஒன்றே ஒன்று, எத்தனை முறை பிளந்தாலும் வெள்ளையாகவே இருந்தது. இனிப்பும் அபாரம். அதைத்தான் கருப்பையா என்ற விவசாயியின் வயலில் சோதனைக்கு நட்டிருந்தார்கள். நல்ல செய்தியோடு திரும்பலாம் என்று, பட்டாசு சீசன் நடுவிலும் பால்ராஜ் கிளம்பி வந்திருந்தார்.

"வாங்கம்மா, சாப்பிட்டீகளா?" என்றார் கருப்பையா. முகம் சரியில்லை. "அங்கன ரெண்டு தூரு தோகை காஞ்சு நிக்குது. தண்ணி பத்தலையோன்னு நெனச்சேன்..."

செல்வராணி ஒரு கரும்பை வெட்டி நீளவாக்கில் பிளந்தாள். குப்பென்று சாராய வாடை! உள்ளே சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டுகள். எனக்கே புரிந்துவிட்டது.

"பூஞ்சை புதுசா மாறி வந்திருக்கு" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கருப்பையா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "முன்ன வச்ச கரும்பும் இப்படித்தாம்மா போச்சு. நெல்லுக்கு மாறுவோம்னு வீட்டுல சொல்றாக. எனக்குத்தான் மனசு வரல. இதத்தான் நம்பி இருந்தேன்."

நோய் கண்ட தூர்களைப் பிடுங்கி எரிக்கச் சொன்னாள். இந்த வயல் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள், அடுத்த நடவுக்கு இதிலிருந்து விதைக்கரணை எடுக்காதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னாள். பிறகு ஓரத்து வரிசைக்குப் போனாள். அங்கே நாணல் மாதிரி ஒல்லியாக ஒரு கரும்பு. காட்டுக் கரும்பின் வாரிசாம்... ஒப்பிட்டுப் பார்க்க நட்டது. பக்கத்துத் தூர் செத்துக் கிடக்க, இது பச்சென்று நின்றது. பிளந்தாள். வெள்ளை! இன்னொன்று. அதுவும் வெள்ளை!

ஒரு துண்டைக் கடித்தேன். விறகைக் கடித்த மாதிரி இருந்தது.

"இதுல எதிர்ப்பு இருக்குங்க, இனிப்பு இல்ல" என்றாள் கணவரிடம். "நல்ல இனிப்பான ரகத்தோட கலப்புச் சேத்து, அதோட புள்ள, பேரப்புள்ள வரைக்கும் சலிச்சு எடுக்கணும்."

"அதுக்கு எம்புட்டு வருஷம் ஆகும், ராணி?"

"இன்னொரு பத்து... கூடவும் ஆகலாம்."

பால்ராஜ் அந்த ஒல்லிக் கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"சரி. பஸ்ஸுல தலை சாச்சுத் தூங்க நல்ல தலகாணியா ஒண்ணு வாங்கித் தாரேன்" என்றார்.

அதுவரை கலங்காதவள், அப்போதுதான் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளை பஸ் ஏற்றிவிட்டோம். சிவந்த கரும்பை ஆராய்ச்சிக்கென்று பாலிதீனில் சுற்றி இறுகக் கட்டியிருந்தாள். வெள்ளைக் கரும்பைத் தனியாக ஒரு சாக்கில் வைத்திருந்தாள். பால்ராஜ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார், பிறகு நின்றுவிட்டார்.

அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கோயம்புத்தூர் போனது... அந்த ஒல்லிக் கரும்பு.